பத்தொன்பதாம் சித்தர்

சித்தர்கள் பதினெட்டுப் பேர் என்பது பழைய கணக்கு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையோடு, பத்தொன்பதாமவர் ஒருவர் நடமாடிக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் ரசவாதத்தையும் காயகல்பத்தையும் தேடினார்கள். இவர் தேடுவது கவனம். அதனால் கவனச் சித்தர் என்றே இவரை அழைக்கலாம். மனம் ஒருமுகப்பட்ட பிறகுதான் படிக்க வேண்டும் என்பது இவருடைய சித்தாந்தம். ஒருமுகப்படாத மனதோடு புத்தகத்தைத் திறப்பது குளிக்காமல் கோயிலுக்குள் போவதற்குச் சமம் என்று நினைக்கிறார். வயது பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில். அரியர் இருந்தால் கொஞ்சம் கூடலாம். துவாக்குடி விடுதிகளிலும் தில்லைநகர் மாடி அறைகளிலும் இந்த இனம் உண்டுதான். ஆனாலும் நன்கு விளைந்த மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் ஸ்ரீரங்கத்துக்குத்தான் வர வேண்டும். அந்த ஊரில் எதற்கும் ஒரு நியமம் உண்டு என்பதால், படிக்காமலிருப்பதையும் இவர் நியமத்தோடு செய்கிறார்.

செமஸ்டர் தேர்வுக்கு நாற்பது நாள் இருக்கும்போது ஆயத்தம் தொடங்குகிறது. மேசை கிழக்கே பார்க்கிறது. பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்காக வடக்கே திரும்புகிறது. வடக்கே தெரு தெரிவதால் மறுபடி கிழக்குக்கே வருகிறது. சுவரில் கால அட்டவணை ஏறுகிறது. பாடத்துக்கு ஒரு நிறம், யூனிட்டுக்கு ஒரு கட்டம், ஓரத்தில் ஸ்கேல் வைத்துப் போட்ட இரட்டைக் கோடு. முதல் கட்டத்தில் அதிகாலை நான்கு மணி என்று எழுதியிருக்கும். நான்கு மணி என்று ஒன்று இருப்பதை இவர் இரவு முழுக்க விழித்திருந்த நாட்களில் மட்டுமே பார்த்திருக்கிறார் என்றாலும், பிரம்ம முகூர்த்தத்தில் படித்தால் மனதில் பதியும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வதால் அந்தக் கட்டத்துக்குத் தங்க நிறம். அம்மா எட்டிப் பார்த்து, "கண்ணா, காபி கொண்டு வரட்டுமா?" என்று கேட்டால், "இப்பத்தான் கான்சன்ட்ரேஷன் வந்துது, நீ கெடுத்துட்டேம்மா" என்று பதில் வரும். வந்த கவனம் எந்தப் பாடத்தின்மேல் வந்தது என்று கேட்கும் துணிவு எந்தத் தாய்க்கும் கிடையாது. காபி மட்டும் வந்துவிடும்.

வீடு சரிப்படாது என்று முடிவானதும் தலயாத்திரை. அம்மாமண்டபம் படித்துறையில் காற்று நன்றாக இருக்கிறது, ஆனால் தர்ப்பணம் செய்ய வருகிறவர்களின் கூட்டம். மேலப்புலிவார்டு ரோட்டில் உள்ள மாவட்ட மைய நூலகத்தில் அமைதி இருக்கிறது. அங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் காலையிலேயே வந்து இடம் பிடித்து, தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் அவ்வளவு கவனமாகப் படிப்பது இவருடைய கவனத்தைச் சிதறடிக்கிறது. கல்லூரி நூலகத்தில் நண்பர்கள் இருக்கிறார்கள். நண்பர்கள் இல்லாத நேரத்தில் தனிமை வாட்டுகிறது. மலைக்கோட்டையின் நானூற்றுச் சொச்சம் படிகளையும் ஏறி உச்சிப்பிள்ளையாரிடம் புத்தி கேட்கப் போகலாம். போன பிறகு, அங்கிருந்து தன் வீடு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கும் வேலை வந்துவிடுகிறது.

இடம் அமைந்தால் காலம் அமையாது. இதில் சித்தரை மட்டும் குறை சொல்ல முடியாது; அரங்கனுக்கும் பங்கு உண்டு. ஸ்ரீரங்கத்தில் தையில் ஒரு தேர், பங்குனியில் ஒரு தேர், சித்திரையில் ஒரு தேர். பல்கலைக்கழகமோ நவம்பர், ஏப்ரல் என்று இரண்டு தேர்வுகளை வைத்திருக்கிறது. சித்திரைத் தேர் பெரும்பாலும் ஏப்ரல் தேர்வின் தலைமாட்டிலேயே வந்து நிற்கும். நவம்பர் தேர்வு கொஞ்சம் இழுத்துக்கொண்டு டிசம்பருக்குள் போனால் வைகுண்ட ஏகாதசிக்கான பகல்பத்தும் இராப்பத்தும் காத்திருக்கின்றன. ஊரே ரங்கா ரங்கா என்று அலைமோதும்போது தெர்மோடைனமிக்ஸில் எப்படி மனம் ஒட்டும் என்பது இவருடைய கேள்வி. நியாயமான கேள்வியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் திருவிழா இல்லாத மந்தமான செவ்வாய்க்கிழமைகளிலும் தெர்மோடைனமிக்ஸில் மனம் ஒட்டியதாகச் சான்று கிடையாது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு இவருக்குக் கவனமே கிடையாது என்று ஊர் சொல்கிறது. ஊர் சொல்வது தப்பு. இவரிடம் கவனம் நிறையவே இருக்கிறது. அந்த அட்டவணையே சாட்சி. பசி மறந்து, போனை மறந்து, தெருவில் சுவாமி புறப்பாடு போனதுகூடத் தெரியாமல் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கட்டம் போட்ட கைக்கு ஒருமுகப்பாடு இல்லை என்று எப்படிச் சொல்வது? அதைவிடப் பெரிய சான்று ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் இருக்கிறது. தேர்வு நாள் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து மத்தியப் பேருந்து நிலையம் போகும் அந்த டவுன் பஸ்ஸில் இவரைப் பார்க்க வேண்டும். ஒரு கை கம்பியில், ஒரு கை ஜெராக்ஸ் நோட்ஸில். காலை ஒருவர் மிதிக்கிறார். கண்டக்டர் "உள்ளே போ, உள்ளே போ" என்கிறார். திருவானைக்கோவிலில் பூக்கூடையோடு ஒரு பாட்டி ஏறி, கூடையை இவர் பாதத்தின்மேலேயே இறக்கி வைக்கிறார். எதுவும் உறைக்கவில்லை. காவிரிப் பாலம் வந்ததும் போனதும் தெரியாமல், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் இவர் முடிக்கும் பக்கங்கள் நாற்பது நாளில் முடித்ததைவிட அதிகம். அமைதி இல்லை, மேசை இல்லை, திசை இல்லை, உட்கார இடம்கூட இல்லை. கவனம் மட்டும் இருக்கிறது.

எனவே அமைதியிலிருந்து கவனம் பிறக்கிறது என்ற கொள்கை பாலத்தைத் தாண்டுவதற்குள் அடிபட்டுப்போகிறது. பஸ்ஸில் இருப்பதும் வீட்டில் இல்லாததும் என்ன? பயம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். பயம் உண்டுதான், ஆனால் பயத்துக்கு மட்டும் அந்தச் சக்தி இருந்தால் தேர்வறைக்குள் போன பிறகு கவனம் இன்னும் கூடியிருக்க வேண்டும். அங்கேதான் பலர் மின்விசிறியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். பஸ்ஸில் இவர் கையில் ஒரு கேள்வி இருக்கிறது. "ஐந்து மார்க்கில் இது வரும், வந்தால் என்ன எழுதுவேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு, புத்தகத்தை மூடி, உதட்டுக்குள் சொல்லிப் பார்த்து, சிக்கிய இடத்தில் மட்டும் மறுபடி திறந்து பார்க்கிறார். வீட்டில் அவர் முன்னால் ஒரு புத்தகம் இருந்தது, கேள்வி எதுவும் இல்லை. கேள்வி இல்லாத புத்தகத்தை எவ்வளவு நேரம் ஒருமனதாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? ஓவியமாக இருந்தால் ஒருவேளை முடியும்.

இது புது விஷயமும் அல்ல, இவர் வீட்டுக்குத் தூரமான விஷயமும் அல்ல. திவ்யப் பிரபந்தம் நாலாயிரத்தையும் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் இவர் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் கற்றது ஒலிபுகாத அறையில் இல்லை. ஆசிரியர் ஒரு தடவை சொல்ல, மாணவன் இரண்டு தடவை திருப்பிச் சொல்லும் சந்தை முறையில் கற்றார்கள். அதன் பிறகு ஏடு இல்லாமல் கோஷ்டியில் நின்று சேவிக்கிறார்கள். கூட்டம் தள்ளும், நாகஸ்வரம் முழங்கும், அடி தடுக்கினால் பக்கத்திலிருப்பவர் ஓரக்கண்ணால் பார்ப்பார். உள்ளே போனதை உடனே வெளியே எடுக்கச் சொல்லும் ஏற்பாடு அது. மனம் வேறெங்காவது மேயப் போக நேரமே கிடைக்காது. இதையே அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வேறு வழியில் சோதித்தார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பாடப்பகுதியைத் திரும்பத் திரும்ப நான்கு சுற்றுப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்று சுற்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்களே ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, அவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். இதில் ரசமான பகுதி, நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தது தோற்ற கட்சி. சித்தருக்கு உறவுக்காரர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

பிறகு ஏன் இவர் கேள்வி கேட்டுக்கொள்ளாமல் மேசையைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்? சோம்பல் என்பது பொருந்தாது. நாற்பது நாளில் இவர் மேசைக்குச் செலவழித்த உழைப்பு ஒரு தச்சருக்கு நிகரானது. உண்மையான காரணம் ஆயத்தத்தில் தோல்வி கிடையாது என்பதுதான். அட்டவணை போட்டால் அட்டவணை வந்துவிடும். புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னையே ஒரு கேள்வி கேட்டால் பதில் வராமலும் போகலாம். வராதபோது, தெரியாது என்ற உண்மை அறையில் எதிரே வந்து உட்கார்ந்துவிடும். அதைச் சந்திப்பதைவிடக் கிழக்கையும் வடக்கையும் சந்திப்பது எளிது. தக்காளிக் கடிகாரத்தின் கதையும் இவர் கையில் அப்படித்தான் ஆயிற்று. 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் படிப்பில் மனம் ஒட்டாமல் தவித்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை முடுக்கிவைத்து, அது மணியடிக்கும்வரை எழுந்திருப்பதில்லை என்று தனக்குத்தானே பந்தயம் கட்டிக்கொண்டார். இருபத்தைந்து நிமிடப் படிப்பு, ஐந்து நிமிட ஓய்வு என்ற பொமொடோரோ முறை அப்படித்தான் பிறந்தது. கையில் கிடைத்த கடிகாரத்தை வைத்து அவர் படிக்க ஆரம்பித்தார். நம் சித்தர் அதே முறைக்கான ஐந்து செயலிகளை இறக்கி, மணியோசை எதில் இனிமை என்று ஒப்பிட்டு, ஸ்டார் குறைவாக உள்ளதை நீக்கி, மீதமுள்ளவற்றுக்கு அனுமதி கொடுத்து முடிப்பதற்குள் இருபத்தைந்து நிமிடம் பலமுறை கடந்துவிடுகிறது. ஓய்வு ஐந்து நிமிடத்தை மட்டும் தவறாமல் எடுத்துக்கொள்கிறார்.

இங்கே ஒரு மறுப்பு வரும்: எல்லாம் சரி, கையில் இருக்கும் போனை வைத்துக்கொண்டு எந்த மகானால் படிக்க முடியும்? பழைய காலத்து மாணவனுக்கு ரீல்ஸ் கிடையாதே? இந்த மறுப்பில் பலம் இருக்கிறது. 2017-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் வார்டும் சகாக்களும் செய்த ஆய்வில், ஒலியடக்கிய போன் மேசைமேல் சும்மா கிடந்தவர்களைவிட, போனை அடுத்த அறையில் விட்டு வந்தவர்கள் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். பின்னால் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே விடை கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என்றாலும் போனை அடுத்த அறையில் வைப்பதில் செலவு ஒன்றுமில்லை, வைக்கலாம். சித்தரும் வைக்கிறார். வைத்துவிட்டு, யாராவது கூப்பிட்டிருப்பார்களா என்று பார்க்க அடுத்த அறைக்குப் போய்வருகிறார். போன் இல்லாத காலத்துச் சித்தர் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டார். அதற்கு முந்தையவர் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். மனதுக்கு உள்ளே வேலை இல்லாதபோது அது வெளியே வேலை தேடும். போன் அந்த வேலைவாய்ப்பை மிகவும் தாராளமாக்கிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசம் பெரிது என்பதை மறுக்கவில்லை. ஆனால் போனை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் தெர்மோடைனமிக்ஸ் தானாக வந்து உட்காரும் என்று எதிர்பார்ப்பதற்கு ஆதாரம் இல்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. அதைச் சிரித்துக் கடக்க முடியாது. துறையூரிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் தினம் பஸ்ஸில் வந்து போகும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரே அறை வீட்டில் டி.வி., பாட்டி, தம்பி, தையல் மெஷின் எல்லாவற்றோடும் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் இடம் முக்கியமில்லை என்று உபதேசிப்பது அநியாயம். ஒரு மேசையும் ஒரு விளக்கும் வேண்டும் என்று அவர்கள் கேட்பது ஆயத்தமல்ல, உரிமை. நூலகத்தில் காலையிலேயே இடம் பிடிக்கிறவர்களில் பலர் அவர்கள்தான். இடம் கிடைத்ததும் புத்தகத்தைத் திறந்துவிடுகிறார்கள். சித்தர் இனம் பெண்பாலில் அரிதாக இருப்பதற்கும் நேரமின்மையே காரணமாக இருக்கலாம். கோலம், காய் நறுக்கல், தம்பிக்கு டிபன் என்று எல்லாம் முடிந்து கிடைக்கும் அரை மணியில் மேசையைத் திருப்பிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? பன்னிரண்டு வருடம் தமிழில் படித்துவிட்டு முதலாண்டில் ஆங்கிலப் புத்தகத்தின் முன்னால் உட்காரும் பிள்ளையின் கதை இன்னும் வேறு. ஒரு பத்தியை ஐந்து தடவை படித்தும் உள்ளே போகாதபோது, "எனக்குக் கான்சன்ட்ரேஷன் இல்லை" என்று அவன் தன்மேலேயே பழி போட்டுக்கொள்கிறான். அவனுக்குக் குறைவது கவனமல்ல, புரிதல். புரியாத மொழியின்மேல் மனம் வழுக்கத்தான் செய்யும். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியது. ஆனால் பெரும்பாலான வகுப்பறைகளில் இந்த மொழிப் பாலத்தைத் தனியாகத் தாண்டும் பொறுப்பு இன்னும் மாணவன் தலையில்தான். தமிழில் விளக்கிச் சொல்ல ஒரு ஆசிரியரோ ஒரு சீனியர் அக்காவோ கிடைத்த அன்றைக்கே பாதிக் கவனக்குறைவு குணமாகிவிடுகிறது. உண்மையாகவே மருத்துவரைப் பார்க்க வேண்டிய கவனக் குறைபாடு உள்ளவர்களும் உண்டு. அவர்களை இந்தச் சித்திரத்தில் சேர்ப்பது பாவம். மருத்துவரிடம் போக வேண்டியவனை அட்டவணை போடச் சொல்வது அதைவிடப் பாவம்.

சித்தரிடம் இதையெல்லாம் சொன்னால் அவர் மண்ணின் பெருமையை எடுத்துக் காட்டுவார். நோபல் பரிசு பெற்ற சி.வி. ராமன் 1888-இல் பிறந்தது பக்கத்துத் திருவானைக்கோவிலில். தண்ணீரிலேயே ஏதோ இருக்கிறது என்பார். ராமனுக்கு விவரம் தெரிவதற்குள் குடும்பம் விசாகப்பட்டினம் போய்விட்டது என்பது இவர் கணக்கில் வராது. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் 1950களில் இயற்பியல் படித்தது இங்கே தூய வளனார் கல்லூரியில்தான் என்று அடுத்துச் சொல்வார். உண்மை. ஆனால் அந்தக் கல்லூரி இருப்பது சத்திரத்துக்கும் தெப்பக்குளத்துக்கும் பக்கத்தில், ஊரின் இரைச்சல் முழுவதும் கூடும் இடத்தில். அங்கே படித்தவர்களின் பெருமையைச் சொல்கிறவர், அமைதி இல்லாமல் படிப்பு வராது என்று சொல்லும்போது இரண்டில் ஒன்றைக் கைவிட்டாக வேண்டும். கைவிடமாட்டார், சித்தாந்தம் என்பது அப்படித்தான்.

சரி, இவர் பாஸ் செய்கிறாரா? பெரும்பாலும் செய்துவிடுகிறார். அதுதான் இந்தக் கதையில் பெரிய சிக்கல். கடைசி மூன்று இரவும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸும் சேர்ந்து இவரைக் கரையேற்றிவிடுகின்றன. ஆனால் நாற்பது நாள் கூடவே இருந்தது மேசையும் அட்டவணையும். அதனால் மார்க்கின் புண்ணியம் அவற்றுக்கே போய்ச் சேர்கிறது. பஸ்ஸுக்கு நன்றி சொன்னவர் யாரும் இல்லை. ரிசல்ட் வந்த வாரத்திலேயே ஒரு முதலாண்டுப் பையன் தேடிக்கொண்டு வந்துவிடுகிறான்.

"அண்ணா, எப்படிண்ணா படிச்சீங்க? எனக்கு உட்கார்ந்தாலே மனசு ஓடிடுது."

சித்தர் உடனே பதில் சொல்வதில்லை. காபியை ஆற்றி ஒரு வாய் குடித்துவிட்டு, மிகுந்த பரிவோடு கேட்கிறார்:

"உன் ரூம்ல ஃபேன் எத்தனைல ஓடுது?"

"நாலுலண்ணா."

"அங்கதான் தப்பு. மூணுல வெச்சுப் பாரு."

பையன் நோட்டில் குறித்துக்கொள்கிறான்.